ரோடு காலியாக இருந்தால் தாமதம், நெரிசலில் சரி: ஒரு டீசல் ஆட்டோமேட்டிக்கின் கியர் கோளாறு

வண்டி 2.0 லிட்டர் காமன் ரயில் டீசல். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியாக இணைக்கும் டார்க் கன்வர்ட்டர் வைத்த 6 கியர் ஆட்டோமேட்டிக். என்னிடம் வரும்போது 1,18,000 கி.மீ. ஓடியிருந்தது. கியர் தாமதமாக மாறுகிறது, எஞ்சின் தேவையில்லாமல் கத்துகிறது, மைலேஜ் லிட்டருக்கு 15-லிருந்து 12-க்கு வந்துவிட்டது என்பது உரிமையாளரின் புகார். எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை.

எனக்கு முன் இரண்டு பேர் பார்த்திருந்தார்கள். முதல் இடத்தில் கியர்பாக்ஸ் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் கற்றுவைத்திருந்த அளவுகளை ஸ்கேனரால் அழித்துவிட்டார்கள். இரண்டு நாள் நன்றாக ஓடியது, மூன்றாம் நாள் பழைய கதை. இரண்டாவது இடத்தில் வால்வ் பாடி (கியர்பாக்ஸுக்குள் ஆயிலைத் திருப்பிவிடும் வால்வுகளின் தொகுதி) போய்விட்டது, மொத்தமாக மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அந்தச் செலவுக்கு மனம் வராமல்தான் அவர் என்னிடம் வந்தார்.

சாவியைக் கொடுக்கும்போது அவர் சொன்ன ஒரு வாக்கியத்தை அப்படியே எழுதி வைத்தேன்: “டிராஃபிக்ல நல்லாத்தான் ஓடுது சார். ரோடு காலியா இருந்தாதான் இப்படிப் பண்ணுது.”

தேய்ந்த கியர்பாக்ஸ் இப்படி நடக்காது. நெரிசலில்தான் அதற்கு வேலை அதிகம், சூடும் அதிகம், கியர் மாற்றமும் அதிகம். அங்கே சரியாக இருந்துவிட்டுக் காலி ரோட்டில் தகராறு செய்யும் கியர்பாக்ஸை நான் அதுவரை பார்த்ததில்லை.

கட்டளை தாமதமா, செயல் தாமதமா?

‘கியர் லேட்’ என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு நோய்கள் ஒளிந்திருக்கின்றன. கம்ப்யூட்டர் நேரத்துக்கு ‘மாறு’ என்று சொல்லியும் கியர்பாக்ஸ் மாற முடியாமல் திணறுவது ஒன்று. ஆயில் குறைவு, அழுத்தக் குறைவு, தேய்ந்த கிளட்ச், ஒட்டிக்கொள்ளும் சொலினாய்டு (மின்சார வால்வ்) எல்லாம் அந்த வகை. கம்ப்யூட்டரே தாமதமாகச் சொல்வது இன்னொன்று. அப்போது கியர்பாக்ஸ் குற்றமற்றது, சொன்னதைச் செய்கிறது, அவ்வளவுதான். இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் கியர்பாக்ஸில் கை வைக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. முன்பு பார்த்த இருவரும் இதைக் கேட்டதாகத் தெரியவில்லை.

கம்ப்யூட்டர் எப்போது கியரை மாற்றச் சொல்லும்? அடிப்படை மிகப் பழையது. 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் வந்த ஹைட்ராமேட்டிக் கியர்பாக்ஸில் வண்டியின் வேகத்தோடு ஏறும் ஓர் ஆயில் அழுத்தம் மேல் கியருக்குத் தள்ளும். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஏறும் இன்னோர் அழுத்தம் அதைத் தடுத்து நிறுத்தும். எது ஜெயிக்கிறதோ அதுதான் கியர். இன்று அந்த இழுபறி கம்ப்யூட்டருக்குள் எண்களாக நடக்கிறது. வேகமும் பெடலும் போக, எஞ்சின் தரும் டார்க் (திருப்பு விசை), மேடு பள்ளம், ஆயில் சூடு, கூலன்ட் சூடு, புகை வடிகட்டியின் நிலை என்று இன்னும் பல பேர் அந்த முடிவில் வாய் வைக்கிறார்கள். அவர்களில் யாரோ ஒருவர் ‘இப்போது வேண்டாம், பொறு’ என்று சொல்கிறார். அது யார் என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

ஸ்கேனரை மாட்டி உரிமையாளரை ஓட்டச் சொன்னேன், நான் பக்கத்தில் உட்கார்ந்து பதிவு செய்தேன். கேட்ட கியர், உண்மையில் விழுந்த கியர், எஞ்சின் சுற்று, டர்பைன் சுற்று (கன்வர்ட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்குள் போவது), வெளித்தண்டின் சுற்று (கியர்பாக்ஸிலிருந்து வெளியே வருவது) ஆகிய ஐந்தும்தான் முதலில் வேண்டியவை. பெடலைச் சுமார் 20 சதவீதத்தில் வைத்து மெதுவாக வேகமெடுத்தோம்.

காலி ரோட்டில் 2-லிருந்து 3-க்கு 2,600 ஆர்பிஎம்மில் மாறியது. இவ்வளவு இலேசான மிதிக்கு 1,900 பக்கம் மாறியிருக்க வேண்டும். 80 கி.மீ. வேகத்திலும் 6-ஆம் கியர் விழவில்லை. 5-இலேயே நின்றது, கன்வர்ட்டரை நேராகப் பூட்டும் லாக்-அப் கிளட்சும் பிடிக்கவில்லை, எஞ்சின் 2,000-த்தை ஒட்டிச் சுற்றிக்கொண்டிருந்தது. ஆனால் கட்டளை வந்த நொடியிலிருந்து கியர் முழுதாக விழும்வரை ஆன நேரம் ஒவ்வொரு முறையும் அரை நொடிக்குள். இடையில் எஞ்சின் சுற்று எகிறவில்லை. கியர் விழுந்த பிறகு டர்பைன் சுற்றையும் வெளித்தண்டுச் சுற்றையும் வகுத்துப் பார்த்தால் அந்தக் கியருக்கான விகிதம் பிசகாமல் வந்தது. கிளட்ச் வழுக்கவில்லை.

ஆக, கட்டளையே தாமதம். வால்வ் பாடியை அப்போதே சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன்.

பொறு என்று சொல்வது யார்?

முதல் சந்தேகம் எப்போதும் பெடல் சென்சார். கால் இலேசாக இருந்தும் சென்சார் அதிகமாகக் காட்டினால் வண்டி அவசரத்தில் இருப்பதாகக் கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்ளும். அதில் இரண்டு தடங்கள் உண்டு, ஒன்றின் வோல்ட் மற்றதன் பாதி. மெதுவாக முழுதும் மிதித்து விட்டேன். இரண்டும் ஒன்றாக ஏறின, ஒன்றாக இறங்கின, நடுவில் குதிப்பு இல்லை. பெடல் சுத்தம். வேக சென்சார், பிரேக் சுவிட்ச், ஸ்போர்ட் மோட் எல்லாம் ஐந்து நிமிடத்தில் முடிந்தன.

அடுத்ததில் எனக்கு அரை நாள் போனது. டீசலில் ஒரு வேடிக்கையான கோளாறு உண்டு. டர்போ ஹோஸில் கசிவு இருந்தால் எஞ்சின் சொன்ன அளவு டார்க் தராது. கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரோ ‘இவ்வளவு டார்க் இருந்தும் வண்டி இவ்வளவு மெதுவாகத்தான் வேகமெடுக்கிறது, அப்படியென்றால் மேட்டில் ஏறுகிறோம்’ என்று கணக்குப் போட்டுக் கியரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சமதளத்தில் மேடு ஏறுவதுபோல ஓட்டும். புகை விட்டுச் சோதித்தபோது இன்டர்கூலர் ஹோஸின் கிளாம்பில் மெல்லிய கசிவு தெரிந்தது. இதுதான் என்று நினைத்து கிளாம்பை மாற்றி ஓட்டினேன். கியர் அதே 2,600-இல் மாறியது. பதிவை மறுபடி எடுத்துப் பார்த்தால், கேட்ட பூஸ்ட்டும் (டர்போ தரும் காற்றழுத்தம்) கிடைத்த பூஸ்ட்டும் முதல் நாளிலிருந்தே ஒட்டித்தான் போயிருக்கின்றன. பதிவை முதலில் பார்த்திருந்தால் அந்த அரை நாள் மிச்சம்.

அப்புறம்தான் உரிமையாளரின் வாக்கியத்தை மறுபடி எடுத்தேன். நெரிசலில் சரி, காலி ரோட்டில் தாமதம். இரண்டுக்கும் நடுவில் என்ன மாறுகிறது? வேகம், சுமை, அப்புறம் ரேடியேட்டரில் அடிக்கும் காற்று.

கூலன்ட் சூட்டையும் கியர்பாக்ஸ் ஆயில் சூட்டையும் பதிவில் சேர்த்து இரண்டு விதமாக ஓட்டினோம். வெளியே 24 டிகிரி. காலி ரோட்டில் 80-இல் 20 நிமிடம் ஓடிய பிறகு கூலன்ட் 63 டிகிரி, கியர்பாக்ஸ் ஆயில் 51. நன்றாக இருக்கும் எஞ்சினில் இந்த நேரத்துக்குக் கூலன்ட் 85-க்கு மேல் போய் அங்கேயே நிற்க வேண்டும். அங்கிருந்து நேராக நெரிசலுக்குள் போய் 15 நிமிடம் ஊர்ந்தோம். கூலன்ட் மெல்ல ஏறியது. 72-ஐத் தாண்டிய அடுத்த கியர் மாற்றம் 1,950-இல் நடந்தது! அதற்கு அடுத்ததும் அப்படியே. மறுபடி காலி ரோட்டுக்கு வந்ததும் சூடு 70-க்குக் கீழே சரிந்தது, கியர் மாற்றம் 2,600-க்கு ஏறியது. மூன்று முறை போய் வந்தோம், மூன்று முறையும் இதே ஆட்டம்.

கம்ப்யூட்டர் எந்தத் தப்பும் செய்யவில்லை. எஞ்சின் இன்னும் சூடேறவில்லை என்று அதற்குத் தெரிகிறது. குளிர்ந்த எஞ்சினில் மேல் கியரை வேண்டுமென்றே தள்ளிப்போடுவது இன்றைய பல ஆட்டோமேட்டிக்குகளில் எழுதி வைத்திருக்கும் விதி. சுற்று அதிகமானால் எஞ்சின் சீக்கிரம் சூடேறும், புகைக்குழாயில் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிஸ்ட் சீக்கிரம் வேலைக்கு வரும். கியர்பாக்ஸ் ஆயில் கெட்டியாக இருக்கும்போது லாக்-அப் கிளட்சைப் பிடிக்க வைத்தால் அதிர்வு வரும் என்பதால் அதையும் தள்ளிப்போடும். எந்த டிகிரியில் இந்த விதி விலகும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இந்த வண்டியில் 70-க்குச் சற்று மேல். சாதாரணமாகப் புறப்பட்ட சில நிமிடங்களில் முடிந்துபோகும் இந்தக் கட்டம், இந்த வண்டியில் பயணம் முழுதும் நீண்டுகொண்டிருந்தது.

முதல் பட்டறைக்குப் பிறகு இரண்டு நாள் நன்றாக ஓடியதன் காரணமும் இப்போது புரிந்தது. கேட்டுப் பார்த்தேன். அந்த இரண்டு நாளும் அவர் நெரிசலுக்குள் மட்டுமே ஓட்டியிருக்கிறார்.

சென்சாரா, தெர்மோஸ்டாட்டா?

63 என்று சென்சார் சொல்கிறது. அது உண்மையா? உண்மையென்றால் சந்தேகம் தெர்மோஸ்டாட் மேல், அதாவது எஞ்சின் சூடேறும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் அடைக்கும் வால்வ் மேல். இரவு முழுதும் நின்ற வண்டியில் காலையில் எஞ்சினை எழுப்பாமல் சுவிட்சை மட்டும் போட்டு எல்லாச் சூட்டையும் படித்தேன். கூலன்ட் 23, உள்ளிழுக்கும் காற்று 24, கியர்பாக்ஸ் ஆயில் 23. மூன்றும் ஒத்துப்போகின்றன. எஞ்சின் சூடான பிறகு சென்சார் இருக்கும் இடத்தை அகச்சிவப்பு தெர்மாமீட்டரால் பார்த்தபோதும் இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் வித்தியாசமில்லை. சென்சார் பொய் சொல்லவில்லை.

பிறகு எஞ்சினை எழுப்பி ரேடியேட்டரின் மேல் ஹோஸில் கை வைத்துக்கொண்டு நின்றேன். தெர்மோஸ்டாட் மூடியிருந்தால் எஞ்சின் 80 டிகிரியைத் தாண்டும்வரை அந்த ஹோஸ் குளிர்ந்தே இருக்கும், அதன்பின் சட்டென்று சுடும். இங்கே கூலன்ட் 40-ஐத் தொடும்போதே ஹோஸ் வெதுவெதுப்பானது. தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கிறது. சாமான் எதுவும் தேவைப்படாத இந்தச் சோதனையை யார் வேண்டுமானாலும் காலையில் செய்து பார்க்கலாம். ஃபேன், பெல்ட் பக்கம் மட்டும் கை போகக்கூடாது.

டீசலில் இது இவ்வளவு பெரிதாகத் தெரிவதற்குக் காரணம் உண்டு. டீசல் எஞ்சின் எரிபொருளை நன்றாகவே வேலையாக மாற்றுகிறது, தேவைக்கு மேல் காற்றையும் இழுக்கிறது. அதனால் இலேசான சுமையில் கூலன்ட்டுக்குப் போகும் சூடு குறைவு. இருக்கும் கொஞ்சச் சூட்டையும் ரேடியேட்டர் வாங்கிக்கொண்டால் எஞ்சின் எப்படிச் சூடேறும்? நெரிசலில் காற்று அடிக்காததால் சூடு தங்கியது. காலி ரோட்டில் 80-இல் அடிக்கும் காற்று அத்தனையையும் துடைத்துக்கொண்டு போனது.

டாஷ்போர்டு ஊசியை அவர் பார்க்கவில்லையா என்று கேட்கலாம். பார்த்திருக்கிறார். பல கார்களில் அந்த ஊசி உண்மையான சூட்டைக் காட்டுவதில்லை. சுமார் 75-லிருந்து 105 டிகிரிவரை நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருப்பார்கள், ஓட்டுபவர் பதறக்கூடாது என்று. இந்த வண்டியில் காலி ரோட்டில் ஊசி நடுவுக்கு ஒரு நூல் கீழே நின்றது. தெரிந்து பார்த்தால்தான் தெரியும்.

மாற்றுவதற்கு முன் ஒரு சோதனை

காரணம் தெரிந்துவிட்டது என்று தோன்றியதும் உடனே பாகத்தை மாற்றிவிடக் கை துறுதுறுக்கும். அந்த இடத்தில் நான் ஒரு நாள் நிற்பேன். தெர்மோஸ்டாட்டைத் தொடாமல் சூட்டை மட்டும் ஏற்றினால் கியர் சரியாக மாற வேண்டும். மாறினால்தான் சூடுதான் காரணம் என்று அர்த்தம். ஓர் அட்டையை வெட்டி ரேடியேட்டரின் முன்பாதியை மறைத்தேன். சோதனைக்கு மட்டும் செய்ய வேண்டிய வேலை இது. ஒருவர் திரையில் கூலன்ட் சூட்டைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், முடிந்ததும் அட்டையை எடுத்துவிட வேண்டும்.

காலி ரோட்டில் கூலன்ட் 82-க்கு ஏறி நின்றது. 2-லிருந்து 3-க்கு 1,950. 6-ஆம் கியர் விழுந்தது, லாக்-அப் பிடித்தது, 80 கி.மீ. வேகத்தில் எஞ்சின் 1,500-இல் அமைதியானது. உரிமையாளர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

பத்து நிமிடம் கழித்துக் கியர் மாற்றம் மறுபடி தாமதமானது. இந்த முறை 2,300. கூலன்ட் 82-ஐ விட்டு அசையவில்லை.

என் விளக்கம் பாதிதான் சரி என்று வண்டி சொல்லிவிட்டது. ரோட்டோரம் நிறுத்தி, பதிவில் அந்த நொடியில் வேறு என்ன மாறியது என்று ஒவ்வொரு வரியாகத் தேடினேன். புகை வடிகட்டிக்கு முன்னால் இருக்கும் வெப்ப சென்சார் 280 டிகிரியிலிருந்து 600 பக்கம் ஏறியிருந்தது. ரீஜெனரேஷன் நிலை ‘இயங்குகிறது’ என்று காட்டியது.

டிபிஎஃப் எனப்படும் டீசல் புகை வடிகட்டியில் கரி சேரும். குறிப்பிட்ட அளவு சேர்ந்ததும் கம்ப்யூட்டர் கூடுதலாக டீசலைத் தெளித்துப் புகையைச் சுமார் 600 டிகிரிக்கு ஏற்றி அந்தக் கரியை எரிக்கும். அந்த நேரத்தில் சூடு குறையாமல் இருக்க எஞ்சின் சுற்றைக் கொஞ்சம் மேலேயே வைத்துக்கொள்ளும், அதாவது கியரைத் தாமதமாக மாற்றச் சொல்லும். இதுவும் விதிதான், கோளாறு அல்ல. ஆனால் கடைசியாக ரீஜெனரேஷன் முழுதாக முடிந்து 900 கி.மீ.க்கு மேல் ஆகிவிட்டதாகப் பதிவு சொன்னது. தொடங்கித் தொடங்கி நடுவில் நின்றவை மட்டும் ஒன்பது.

இந்த எஞ்சினில் கூலன்ட் போதுமான சூட்டில் இருந்தால்தான் ரீஜெனரேஷன் தொடங்கும், குறைந்தால் நின்றுவிடும். காலி ரோட்டில் புகை சூடாக இருக்கும், கூலன்ட் குளிர்ந்திருக்கும். நெரிசலில் கூலன்ட் சூடாக இருக்கும், புகை குளிர்ந்திருக்கும். எந்த ரோட்டிலும் அந்த வடிகட்டிக்கு அதை முடிக்க வாய்ப்பே கிடைக்கவில்லை. அட்டையை வைத்து நான் கூலன்ட்டைச் சூடாக்கியதும், வாரக்கணக்கில் காத்திருந்த வேலையை அது உடனே ஆரம்பித்துவிட்டது. ஒரே தெர்மோஸ்டாட், இரண்டு வழியாகக் கியரைத் தாமதப்படுத்திக்கொண்டிருந்தது.

உடனே எஞ்சின் ஆயில் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தேன். அளவு மேல் கோட்டுக்கு 8 மில்லிமீட்டர் மேலே, முகர்ந்தால் டீசல் வாடை. அரைகுறையாக நின்ற ஒவ்வொரு ரீஜெனரேஷனிலும் கூடுதலாகத் தெளித்த டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கியிருக்கிறது. இப்படி நீர்த்த ஆயிலில் தொடர்ந்து ஓட்டினால் பேரிங் தேயும். அளவு மிகவும் ஏறினால் எஞ்சின் தன் ஆயிலையே உறிஞ்சி எரித்து, சாவியை அணைத்தாலும் நிற்காமல் கட்டுக்கடங்காமல் ஓடும் ஆபத்தும் உண்டு. இந்தக் கேஸில் என்னை உண்மையிலேயே பயமுறுத்தியது கியர் அல்ல, இந்த டிப்ஸ்டிக்தான்.

பழுது நீக்கியது

முதலில் எஞ்சின் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றினேன். அந்த ஆயிலோடு ரீஜெனரேஷன் ஓட்ட எனக்கு மனமில்லை. பிறகு தெர்மோஸ்டாட். இந்த எஞ்சினில் பிளாஸ்டிக் கூட்டோடு சேர்த்து ஒரே பாகமாக வரும். கழற்றிய பழையதைக் கையில் எடுத்தபோதே வால்வ் 3 மில்லிமீட்டர் திறந்திருந்தது. பாத்திரத்தில் தண்ணீர் வைத்துச் சூடாக்கினால் இன்னும் திறந்தது, ஆறவிட்டால் பழைய 3 மில்லிமீட்டருக்கு வந்து நின்றுவிட்டது. புதியதையும் மாட்டுவதற்கு முன் அதே தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். மூடியது, திறந்தது, மறுபடி மூடியது. கூலன்ட் நிரப்பிக் காற்றை வெளியேற்றி, கசிவில்லை என்று அழுத்தம் வைத்துப் பார்த்த பிறகு ரோட்டுக்குப் போனோம்.

11 நிமிடத்தில் கூலன்ட் 86. அதன்பிறகு காலி ரோட்டில் 86-க்கும் 90-க்கும் நடுவிலேயே நின்றது. ரீஜெனரேஷன் தானாகத் தொடங்கியது, நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டே இருந்தோம், 22 நிமிடத்தில் முடிந்தது. அது முடிந்த பிறகு எடுத்த பதிவில் 2-லிருந்து 3-க்கு 1,900, 6-ஆம் கியர் 78 கி.மீ. வேகத்தில். கியர்பாக்ஸ் ஆயில் 79 டிகிரி. கியர்பாக்ஸில் ஒரு போல்ட்டைக்கூட நான் தொடவில்லை. கற்றுவைத்த அளவுகளையும் அழிக்கவில்லை. காரணம் தெரியாமல் அவற்றை அழிப்பது தடயத்தைத் துடைப்பது போன்றது, வண்டி மறுபடி கற்கும்வரை எது பழைய கோளாறு, எது புதிய பழக்கம் என்றே பிரிக்க முடியாது.

கோளாறு குறியீடு ஏன் வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கூலன்ட் போதிய சூட்டுக்கு வரவில்லை என்பதற்கென்றே பி0128 என்ற குறியீடு இருக்கிறது. ஆனால் அந்தச் சோதனை சில நிபந்தனைகள் பொருந்தினால்தான் ஓடும், விளக்கு எரியப் பொதுவாக இரண்டு பயணங்களில் தொடர்ந்து தோற்க வேண்டும். இந்த வண்டியில் நினைவகம் அண்மையில் அழிக்கப்பட்டிருந்தது என்பது, பல சோதனைகள் ‘இன்னும் முடியவில்லை’ என்று காட்டியதிலேயே தெரிந்தது. சோதனை ஓட்டங்களின் நான்காம் நாள், தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவதற்கு முந்தின மாலையில், எஞ்சின் கம்ப்யூட்டரில் பி0128 காத்திருப்புப் பட்டியலில் வந்து உட்கார்ந்திருந்தது. கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரில் கடைசிவரை எதுவும் வரவில்லை. கியர் புகாராக இருந்தாலும் எல்லாக் கம்ப்யூட்டரையும் நான் படிப்பது இதனால்தான்.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1980-களின் மெர்சிடிஸ் டீசல் ஆட்டோமேட்டிக் போன்றவற்றில் இந்தக் கம்ப்யூட்டர் கதை எதுவும் இல்லை. டீசலில் இயற்கையாக வெற்றிடம் உண்டாகாததால் தனிப் பம்ப் வைத்து, இன்ஜெக்‌ஷன் பம்பின் மேல் ஒரு வால்வ் வழியாக, மிதியின் அளவைச் சொல்லும் வெற்றிடத்தைக் கியர்பாக்ஸுக்கு அனுப்புவார்கள். அதில் ஒரு ரப்பர் குழாயில் விரிசல் விட்டாலே போதும், முழு மிதி மிதித்ததாகக் கியர்பாக்ஸ் எடுத்துக்கொள்ளும், கியர் தாமதமாகவும் உதறலோடும் மாறும். அங்கே முதலில் தேட வேண்டியது அந்தச் சின்னக் குழாய்களை.

ஐந்து வாரம் கழித்து உரிமையாளரை வரச் சொல்லி மறுபடி படித்தேன். மைலேஜ் லிட்டருக்கு 15-ஐத் தொட்டிருந்தது. இரண்டு ரீஜெனரேஷனுக்கு இடையே 430 கி.மீ., நடுவில் நின்றது ஒன்றுமில்லை. எஞ்சின் ஆயில், நான் நிரப்பிய கோட்டிலேயே இருந்தது.